பத்தாம் வகுப்புக்குப் பிறகு: ஐடிஐயா, பிளஸ் டூ தொழிற்பிரிவா?

தமிழ்நாட்டுப் பெற்றோர் பலரைத் தவிக்க வைக்கும் கேள்வி இது. பிளஸ் டூ தொழிற்பிரிவு இரண்டாண்டுப் படிப்பு. ஐடிஐ என்னும் தொழிற்பயிற்சி நிலையத்தில் பெரும்பாலும் ஓராண்டு அல்லது இரண்டாண்டு, எடுக்கும் தொழிலைப் பொறுத்தது.

செலவு: அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அரசுப் பள்ளியிலும் பெரிய செலவில்லை.

கைப்பழக்கம்: ஐடிஐதான். ஃபிட்டர் மாணவன் அரத்தால் இரும்பை ராவி, வெர்னியரில் அளந்து, மறுபடி ராவுகிறான். தொழிற்பிரிவிலும் செய்முறை இருக்கிறது. ஆனால் பொதுத்தேர்வின் அவசரம் அதைத் தின்றுவிடுகிறது.

மேற்படிப்பு: தொழிற்பிரிவினருக்குப் பொறியியல் கலந்தாய்வில் தனி ஒதுக்கீடு உண்டு. இரண்டாண்டு ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அவரே பிளஸ் டூ மொழித்தாள்களை மட்டும் எழுதித் தேறினால், அரசு அந்த ஐடிஐ படிப்பைப் பிளஸ் டூவுக்கு இணையாக ஏற்கிறது. இந்த விதி தெரியாமலே பலர் ஐடிஐயை ஒதுக்குவது வேதனை.

சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய பிள்ளைக்கு ஐடிஐ. கல்லூரிப் பட்டமே குறி என்றால் தொழிற்பிரிவு.