கிழட்டு நாய்க்குச் சோறா, பாக்கெட்டா?

எங்கள் வீட்டு லாப்ரடார் மணிக்கு 11 வயது. "வயதாகிவிட்டது, இனி தயிர்சாதம் போதும்" என்பது அம்மாவின் கட்சி. பாக்கெட் உணவு என் கட்சி. இரண்டையும் சமையலறைத் தராசில் ஏற்றிப் பார்த்தேன்.

நான் எடை போட்டது 300 கிராம் சோறு, 50 கிராம் வெந்த எலும்பில்லாக் கோழி. எங்கள் வீட்டுச் 'சிக்கன் சாதம்' இவ்வளவுதான். சுமார் 470 கலோரி, 22 கிராம் புரதம். அதே கலோரிக்குப் பாக்கெட்டில் வரும் உலர் உணவு 135 கிராம் போட்டால் போதும். பையில் 24 சதவீதப் புரதம் என்று அச்சிட்டிருந்தால் 32 கிராம் கிடைத்துவிடும். தயிர்சாதம் 11 கிராமிலேயே நின்றுவிட்டது. அம்மா தராசைக் குறை சொன்னார்.

வயதானால் புரதத்தைக் குறைக்க வேண்டும் என்பது பழைய பாடம். சிறுநீரகம் நன்றாக இருக்கும் கிழ நாய்க்கு அது கெடுதல். தசை கரைகிறது, முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறது, எழும்போது பின்னங்கால் நடுங்குகிறது. குறைக்க வேண்டியது மொத்தக் கலோரியை. பியூரினா நிறுவனம் 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து ஜோடி ஜோடியாக வளர்த்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு 25 சதவீதம் குறைவாகப் போட்டது. 2002இல் முடிவு வெளியானது: குறைவாகத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் (பாதி நாய்கள் எட்டிய வயது) 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2. நாய்த்தீனி விற்பவர்களே இதைக் கண்டுபிடித்துச் சொன்னது ஒரு வேடிக்கை.

சோற்றுக் கட்சியின் பெரிய ஓட்டை சுண்ணாம்புச் சத்து. மேலே சொன்ன கிண்ணத்தில் அது 50 மில்லிகிராம்கூடத் தேறாது. 470 கலோரிக்குத் தேவையோ ஏறத்தாழ 600. 'எலும்பு போடுகிறோமே' என்பார்கள். வெந்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். குழம்பில் கிடக்கும் வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு.

சோறு ஜெயிக்கும் இடங்களும் இருக்கின்றன. உலர் உணவில் தண்ணீர் 10 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும்; சோற்றில் 70ஐ ஒட்டி வரும். மூக்கு மங்கி, பல் வலிக்கிற கிழத்துக்குச் சூடான கோழியின் மணமே பசியைக் கிளப்பும். மணி ஒரு வாரம் உலர் உணவுத் தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனான். உலர் உணவில் வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்தேன், மணம் எழுந்தது, வழித்து நக்கிவிட்டான்.

பையில் 'சீனியர்' என்று போட்டிருந்தால் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் பல நிறுவனங்கள் பின்பற்றும் ஆஃப்கோ (AAFCO) தீனிச் சத்து அளவுகோலில் முதுமைக்கென்று தனிப் பட்டியலே கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றியபடி கலக்கிறது. புரத அளவையும் கலோரியையும் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

சிறுநீரகம் பழுதானால் இரண்டு கட்சியும் தோற்றுவிடும். நாய் அதிகமாகத் தண்ணீர் குடித்து, இரவில் சிறுநீருக்கு எழுப்பினால் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். சிறுநீரகத்தின் முக்கால்வாசி வேலைத்திறன் போன பிறகுதான் ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறும் என்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. அந்த நிலையில் பாஸ்பரஸ் குறைந்த மருத்துவ உணவு வேண்டும். அதை மருத்துவர் எழுதித் தரட்டும்.

நடையில் எனக்குக் குழப்பமே இல்லை: ஒரு நீண்ட நடையைவிட இரண்டு குட்டி நடைகள் மேல். டைல்ஸ் தரையில் கோரைப்பாயும் சேர்ந்து வழுக்குகிறது, ரப்பர் விரிப்பு போடுங்கள். வலிக்கிறதே என்று நம் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். இபுப்ரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

என் ஓட்டு பாக்கெட்டுக்கு, வெந்நீரோடு. மேலே போடும் வீட்டுச் சாப்பாடு கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாதவரை சத்துக் கணக்கு கெடாது. மணிக்கு நாளொன்றுக்கு ஆயிரம் கலோரி. அதில் நூறு வீட்டுக் கணக்கு: ஒரு அவித்த முட்டை போக, அம்மாவின் கைக்கு ஒரு சின்னக் கவளம் தயிர்சாதம் மிஞ்சுகிறது.