மர நடைவண்டியா, சுற்று வாக்கரா? வேலூர் கடைகளில் கிடைக்கும் இரண்டையும் ஒப்பிட்டு

குழந்தை கட்டில் விளிம்பைப் பிடித்து எழுந்து நின்றதுமே வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பாட்டி மூன்று சக்கர மர நடைவண்டி என்பார். மாமா லாங் பஜாரில் பாட்டுப் பொத்தானோடு விற்கும் பிளாஸ்டிக் சுற்று வாக்கரைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார். இந்த விஷயத்தில் பாட்டி பக்கம்தான் நியாயம்.

சுற்று வாக்கரை முதலில் முடித்துவிடுவோம். துணி இருக்கையில் தொங்குகிற குழந்தை நுனிக்காலால் தரையை உந்துகிறது. முன்னால் இருக்கும் தட்டு மறைப்பதால் தன் பாதமே அதற்குத் தெரியாது. விழாமல் வளையம் தாங்கிக்கொள்வதால் உடம்பைச் சமன் செய்யும் வேலையும் இல்லை. 2002இல் அயர்லாந்துக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், மொத்தம் 24 மணி நேர வாக்கர் பயன்பாட்டுக்குத் தனியாக நடப்பது சுமார் 3 நாள் தள்ளிப்போவதாகத் தெரிந்தது. பெற்றோர் குறித்துவைத்த கணக்கை வைத்துச் சொன்னது அது. நடை தாமதத்துக்கு வாக்கர்தான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. நடையைச் சீக்கிரம் வரவைக்கும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதற்கு ஆதாரமில்லை என்பது வரை சொல்லலாம்.

அடிபடுவதில் அந்தச் சந்தேகம்கூட இல்லை. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை 15 மாதத்துக்கு உட்பட்ட சுமார் 2,30,000 குழந்தைகள் வாக்கரால் அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வந்ததாக மதிப்பீடு. பத்தில் ஒன்பதுக்கு மேல் தலையிலும் கழுத்திலும் பட்ட அடி. பெரும்பாலும் படிக்கட்டில் உருண்டவை. நொடிக்கு 1 மீட்டருக்கு மேல் ஓடும் வண்டியை எட்டிப் பிடிக்கப் பக்கத்தில் ஆள் இருந்தும் பயனில்லை. கனடா 2004இலேயே இதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

நடைவண்டியில் குழந்தை தன் எடையைத் தானே தாங்குகிறது. கையை விட்டால் பொத்தென்று உட்கார்ந்துவிடும். அந்த விழுதலும் பயிற்சிதான். ஆனால் கடையில் இருக்கும் எல்லா வண்டியும் நல்ல வண்டி இல்லை. கைப்பிடியை உங்கள் பக்கம் இழுத்து, கீழேயும் அழுத்திப் பாருங்கள். முன்சக்கரம் சட்டென்று தூக்கினால் வேண்டாம். குழந்தை அதைப் பிடித்து எழும்போது வண்டி அதன் மேலேயே சாயும். கைப்பிடி பின்சக்கர அச்சுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ இருக்க வேண்டும், அச்சைத் தாண்டிப் பின்னால் நீட்டக் கூடாது. உயரம் குழந்தையின் தொப்புளுக்கும் மார்புக்கும் நடுவில். எடை குறைந்த பிளைவுட் வண்டி பார்க்க அழகாக இருக்கும், நிற்காது. வேப்பமரமோ வேறு கனமான மரமோ கேளுங்கள். பளபளக்கும் பெயின்ட் அடித்ததைவிட வெறும் மரமே மேல்: பல் முளைக்கிற வயதில் கைப்பிடி வாய்க்குத்தான் போகும், மலிவான பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். விலையைக் கடைக்காரர் ஆளைப் பார்த்துச் சொல்வார், பேரம் பேசலாம்.

வாங்கியதும் அப்படியே கொடுத்துவிடாதீர்கள். 120 நம்பர் உப்புத்தாளும் பிறகு 220ம் போட்டுக் கைப்பிடியையும் முனைகளையும் தேயுங்கள். எழும்பி நிற்கும் ஆணித்தலையை உள்ளே அடித்துவிடுங்கள். டைல்ஸ் தரையில் மரச்சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடும், பின்னால் குழந்தை முகம் குப்புற விழும். இதுதான் அடிக்கடி வரும் கோளாறு. பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டிச் சக்கரத்தைச் சுற்றி ஒட்டினால் பிடிப்பு வரும். அப்படியும் ஓடினால் அச்சு நட்டைக் கொஞ்சம் இறுக்கலாம், முன்கட்டையில் 1 கிலோ மணல் பையைக் கட்டலாம்.

எப்போது கொடுப்பது? வயதைப் பார்த்து இல்லை. தானாக எழுந்து, சுவரையோ சோபாவையோ பிடித்தபடி பக்கவாட்டில் நாலடி வைத்த பிறகு. வெறுங்கால்தான் நல்லது, சாக்ஸ் வழுக்கும். ஒரு தடவைக்கு பத்துப் பதினைந்து நிமிடம் போதும், மீதி நேரம் தரையில் தவழட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் தனியாக நடப்பதற்கான இயல்பான காலம் 8.2 முதல் 17.6 மாதம் வரை. எதிர்வீட்டுக் குழந்தை பத்தாம் மாதமே நடந்தது என்பதற்காக அவசரப்பட வேண்டாம். 18 மாதம் முடிந்தும் நடக்கவில்லை, அல்லது ஒரு பக்கக் காலை மட்டும் இழுக்கிறது என்றால் வண்டியை மாற்றிப் பயனில்லை. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியிலோ சி.எம்.சி.யிலோ குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள்.

நடைவண்டிக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். சக்கரத்துக்கு ரப்பர் போடாமலே விற்பதால் ஒன்று குறைந்தது. சுற்று வாக்கருக்கு ஒன்றுகூட இல்லை.