பாஞ்சோவுக்கு ஆட்டுத்தோல்: வேலூர் வெயிலிலும் மழையிலும்

ராணிப்பேட்டை நண்பர் ஒருவர் ஐந்து தந்திப் பழைய பாஞ்சோ ஒன்றை வாங்கியிருக்கிறார்; முரசுபோன்ற வட்ட உடலும் நீண்ட கழுத்தும் கொண்ட மேலைநாட்டுத் தந்திக் கருவி அது. அதன் முகம், அதாவது தந்திகளுக்கு அடியில் இழுத்துக் கட்டிய பரப்பு, கிழிந்திருக்கிறது; தோலே போடுவதா, பாலியெஸ்டர் போடுவதா என்று கேட்டார். என் பாஞ்சோவில் ஆட்டுத்தோல் ஏறிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டதால், பதிலைச் சற்று விரித்தே எழுதுகிறேன்.

நான் தோலுக்குப் போனதற்கு ரசனை காரணமன்று, அளவுதான். இக்காலப் பாஞ்சோக்களின் முகம் பெரும்பாலும் 11 அங்குல விட்டமுடையது. முகம் ஏறும் என் மரவளையமோ அதற்கு ஒன்றரை நூல் குறைவு (எட்டு நூல் ஓர் அங்குலம்). பாலியெஸ்டர் முகம் தன் உலோக வளையத்தோடு சேர்ந்தே வருவதால், அளவு தவறினால் சரியாக உட்காராது. ஊறவைத்த தோலுக்கு அந்தக் கெடுபிடி இல்லை.

ஆம்பூரும் வாணியம்பாடியும் மேல்விஷாரமும் கூப்பிடு தூரத்தில் இருந்தும் தோலுக்காக அலைந்தேன் என்றால் சிரிப்பீர்கள். குரோமியம் உப்பில் பதனிட்ட தோல் காய்ந்த பிறகும் துவளும். செருப்புக்கு அது சிறப்பு, நாதத்துக்கு ஆகாது. இதற்கு வேண்டியது, சுண்ணாம்பில் ஊறி மயிர் நீங்கி, பதனிடப்படாமல் விறைப்பாகக் காய்ந்த தோல். கடைசியில் பம்பைக்குத் தோல் போடும் பெரியவர் ஒருவரிடம் அது கிடைத்தது. அவர் அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, தடிப்பு ஒரே சீராக இருந்த பகுதியை மட்டும் வெட்டிக் கொடுத்தார்.

பூட்டும் வேலை பொறுமையைச் சோதிக்கும். நனைந்த தோலை வளையத்தின்மேல் போர்த்தி, மெல்லிய கம்பி வளையத்தை அதன்மேல் இறக்கி, விளிம்பை மேல்நோக்கி மடித்து, வெளியே பித்தளை வளையத்தால் அழுத்தி, சுருக்கங்களைக் குறட்டால் இழுத்துவிட வேண்டும். பித்தளை வளையத்தைக் கீழே இழுக்கும் கொக்கிகளின் மறைகளை எதிரெதிராக, சிறிது சிறிதாகத்தான் திருக வேண்டும். நிழலிலேயே உலரட்டும்; காயும்போது தோல் தானே இறுகும் என்பதால் ஈரத்தில் முழு இறுக்கம் கொடுக்கக் கூடாது.

நாதத்தைப் பற்றிக் குறை சொல்ல வாயில்லை. உலோகக் கூச்சம் அடங்கி, கட்டைவிரல் இழுக்கும் குட்டைத் தந்திகூடக் கனிந்து பேசுகிறது. மாசி, பங்குனி மாதத்து மாலைகளில் இதைக் கேட்டவர் எவரும் பாலியெஸ்டரை நாடமாட்டார்.

ஆனால் மற்ற மாதங்களும் இருக்கின்றனவே! ஐப்பசி மழை பிடித்தால் தோல் தளர்ந்து, முகத்தின்மேல் நின்று தந்திகளைத் தாங்கும் குதிரை கீழிறங்கி, தந்திகள் மெட்டுகளில் உரசி இரைகின்றன, சுருதியும் இறங்குகிறது. சரி என்று மறைகளை இறுக்கினால், மறுநாள் வெயில் அடித்ததும் தோல் விறைத்து, சுருதி மேலே ஏறி நிற்கிறது. இறுக்கியதை மறந்து பெட்டியில் வைத்துவிட்டால் கிழிசலுக்கு நாமே வழி செய்தவர்களாவோம். அக்கினி நட்சத்திரத்தில் அதைத் தனியே விட்டு வெளியூர் செல்லவே மனம் வருவதில்லை. வாசிக்கும் நேரத்தைவிடச் சாவி திருகும் நேரம் மிகுதி. 1950களின் பிற்பகுதியில் முரசுகளுக்குப் பாலியெஸ்டர் படலம் வந்ததும் பாஞ்சோக்காரர்களும் அதற்குத் தாவியதன் காரணம் எனக்கு மழைக்கு மழை விளங்குகிறது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வளையத்தை நூல் பிசகாமல் அளந்து, பாலியெஸ்டரே போடுங்கள். என் அளவுக்கும் வெளிநாட்டில் கிடைக்கிறது; சுங்கவரி போனால் போகட்டுமென்று பதிவு செய்துவிட்டேன். கழற்றும் ஆட்டுத்தோலில் இன்னும் பழுதில்லை. உங்கள் வளையமும் ஒன்றரை நூல் குறைவாக இருந்தால் சொல்லுங்கள், கம்பி வளையத்தோடு தருகிறேன்; ஐப்பசிக்கு முன்பே வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.