செங்கோட்டை, புளியரைப் பக்கம் ஒட்டு எலுமிச்சை வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

செங்கோட்டையிலிருந்து புளியரை செக்போஸ்ட் போகிற ரோட்டில் செடி விற்கிற கடைகள் உண்டு. நல்ல கன்று கொடுப்பவர்களும் அதில் இருக்கிறார்கள். என்னிடம் காசு வாங்கிய கடையின் பெயரை இங்கே போடப் போவதில்லை. அங்கே நடந்ததைச் சொன்னால் போதும், இதே வித்தையை யார் காட்டினாலும் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

கடை வாசலில் ஒரு தொட்டி எலுமிச்சை, இடுப்பு உயரம்கூட இல்லை, காய் குலுங்க நின்றது. "அக்கா, இது கேரளா மண்ணுத்தி நர்சரி ஒட்டு. ரெண்டாம் வருஷமே காய்ச்சிரும்" என்றார் கடைக்காரர். கன்று 450 ரூபாய். பக்கத்திலேயே கையகலப் பூவோடு ஹைபிரிட் செம்பருத்தி, குட்டை ரகமாம். இரண்டிலும் வாங்கினேன். வீட்டுக்கே வந்து நட்டுத் தருவோம், மாதம் 300 ரூபாய் கொடுத்தால் ஆள் வந்து உரம், மருந்து, கவாத்து எல்லாம் பார்த்துக்கொள்வான் என்றார்கள். "ரெண்டுக்கும் ஒரே பராமரிப்புதான், நீங்க ஒண்ணும் கவலைப்பட வேண்டாம்." இந்த வசனத்தை யாராவது சொன்னால் அங்கேயே கிளம்பிவிடுங்கள்.

வண்டியில் வந்தது வாசலில் பார்த்த செடி இல்லை, கறுப்புப் பையில் இருந்த வேறு கன்றுகள். தண்டின் அடியில் பிளாஸ்டிக் டேப் சுற்றி, அதன் மேல் களிமண் அப்பியிருந்தது. ஒட்டு காயாமல் இருக்க மண் பூசியிருப்பதாக விளக்கம். நட்டதும் மளமளவென்று வளர்ந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

புளியங்குடியில் எலுமிச்சைத் தோப்பு வைத்திருக்கும் சித்தப்பா ஒரு கல்யாணத்துக்கு வந்தபோதுதான் விஷயம் உடைந்தது. செடியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். துளிரைக் காட்டினார், செவ்வூதா நிறம். இலையைக் கசக்கி முகரச் சொன்னார், நம் எலுமிச்சை வாசமே இல்லை. முள் ஒவ்வொன்றும் கோணி ஊசி நீளம். "ஏம்மா, இது ஜம்பேரில்லா? இதை எதுக்கு வளக்க?" என்றார். அப்புறம் அடியில் இருந்த மண்ணை நகத்தால் சுரண்டி டேப்பை அவிழ்த்தார். உள்ளே ஒட்டிய மொட்டு கருகி, தொட்டதும் உதிர்ந்தது. கிளை முழுக்க அதற்குக் கீழே இருந்து கிளம்பியது. அதாவது மேலே ஒட்டிய எலுமிச்சை எப்போதோ செத்துப்போய், அதைத் தாங்க வைத்த வேர்ச்செடியான ஜம்பேரி மட்டும் வளர்ந்திருக்கிறது. ஜம்பேரி காய் தடித்த, கரடுமுரடான தோல், சாறு கொஞ்சம். வேருக்காக வைக்கிற செடி அது, ஊறுகாய்க்கு இல்லை. ஒன்றிரண்டு தவறியிருந்தால் சரி என்று விடலாம். வாங்கிய நான்கில் மூன்று இப்படி. அந்தக் களிமண் எதற்கென்று இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் எனக்கு வயிறெரிந்தது இன்னொரு விஷயத்துக்கு. எலுமிச்சைக்கு ஒட்டுதான் வேண்டும் என்று கட்டாயமே இல்லையாம். அதன் ஒரே விதையில் இரண்டு மூன்று முளை வரும், பெரும்பாலானவை தாய்மரம் போலவே இருக்கும். அதனால்தான் நம் பக்கத் தோப்புகளில் விதைக் கன்றே நடுகிறார்கள். காய்க்க நாலைந்து வருஷம் ஆகும், அவ்வளவுதான். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த பி.கே.எம். 1 ரகமும் இருக்கிறது.

சரி, அந்த மாதப் பராமரிப்புக்கு வருவோம். தப்பிப் பிழைத்த ஒரே நல்ல ஒட்டைக் கெடுத்தது அதுதான். வந்த பையன் செம்பருத்தி வரிசையிலிருந்து எலுமிச்சை வரை ஒரே வாய்க்காலாக இழுத்து, எல்லாவற்றுக்கும் அடித்தண்டை ஒட்டிப் பாத்தி கட்டினான். செம்பருத்திக்கு ஈரம் பிடிக்கும், வெயில் காலத்தில் காய்ந்தால் மொட்டை உதிர்த்துவிடும். எலுமிச்சைக்குத் தண்டில் தண்ணீர் நிற்கவே கூடாது. வேர் பிடித்த மரத்துக்கு வாரம் பத்து நாளுக்கு ஒரு தடவை போதும். தண்டைச் சுற்றி மண்ணை அணைத்து, அதற்கு வெளியே வட்டமாகத்தான் தண்ணீர் விட வேண்டும், ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே அரையடியாவது தெரிய வேண்டும். எங்கள் ஊரில் ஜூன் பிறந்தால் சாரல் வேறு. தண்டின் அடியில் பட்டை வெடித்துப் பிசின் வடிய ஆரம்பித்தது. அவனைக் கேட்டால், "நல்ல சத்து அக்கா, அதான் வடியுது."

அப்புறம் கவாத்து. செம்பருத்தி புதுத் தளிரில்தான் பூக்கும், வெட்ட வெட்ட நல்லது. அதே கத்தரியால் எலுமிச்சையின் உச்சியையும் பாதிக்கு மழித்துவிட்டுப் போனான். பூவுக்குப் பதில் காய்க்காமல் விறுவிறுவென்று நெட்டுக்கு வளரும் போத்துக்குச்சிகள்தான் விளக்குமாறு போல நின்றன. எலுமிச்சையில் காய்ந்தது, குறுக்கே ஓடுவது, ஒட்டுக்குக் கீழே முளைப்பது, இவற்றை எடுத்தால் போதும்.

உரம் என்றால் இரண்டுக்கும் மணிச்சத்து மிகுந்த டி.ஏ.பி. ஒரு கை. செம்பருத்திக்கு மணிச்சத்து மிஞ்சினால் இலை மஞ்சளாகும், அது கேட்பது சாம்பல் சத்து. எலுமிச்சை இலை நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் இருந்தது, அது துத்தநாகக் குறை. துளிர் விடும்போது துத்தநாக சல்பேட் தெளிக்க வேண்டிய இடத்தில் இன்னொரு கை டி.ஏ.பி. போட்டான். செம்பருத்தி மாவுப்பூச்சிக்கும் எலுமிச்சை இலை தின்கிற புழுவுக்கும் ஒரே பாட்டில் மருந்து, அதற்குத் தனிக் காசு. அந்தப் புழு சின்னதில் பறவை எச்சம் மாதிரி இருக்கும். வீட்டில் நிற்கிற ஓரிரு செடிக்குக் கையால் பொறுக்கிப் போட்டாலே தீர்ந்தது.

குட்டைச் செம்பருத்தியும் குட்டை இல்லை. தொட்டியில் அடக்கமாக நிற்க நர்சரிகளில் பேக்லோபுட்ரசால் மாதிரி வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்து கொடுப்பது உண்டு. அது தப்பில்லை. அதைக் குட்டை ரகம் என்று விற்பதுதான் தப்பு. மருந்து வேகம் தீர்ந்ததும் கணு நீண்டு ஜன்னலை மறைத்துவிட்டது.

வாங்குகிறவர்கள் டேப்பையும் மண்ணையும் கடையிலேயே அவிழ்க்கச் சொல்லுங்கள். ஒட்டிய இடத்துக்கு மேலிருந்து கிளை வருகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். ரசீதில் ரகத்தின் பெயர் இருக்க வேண்டும். எனக்குத் தந்த துண்டுச் சீட்டில் "செடி" என்று மட்டும் எழுதியிருந்தது. கன்று விற்க விதை விற்பனை உரிமம் வேண்டும், தென்காசி மாவட்டத்தில் விதை ஆய்வுப் பிரிவில் புகார் சொல்லலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் இரண்டு பக்கமும் சொல்லிவிட்டேன்.

கடைக்காரரிடம் போய்க் கேட்டபோது, "ஜம்பேரியும் எலுமிச்சை ஜாதிதானே அக்கா" என்றார். பணம் தர மாட்டாராம், வேண்டுமானால் கன்று மாற்றித் தருவாராம். எடுத்து வைத்த கன்றிலும் டேப்புக்கு மேல் களிமண் அப்பித்தான் இருந்தது. அவிழ்க்கச் சொன்னேன், "ஒட்டு பட்டுப்போயிரும்" என்று பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.