என்எஸ்இ தளத்தின் பிஆர்எஸ்ஆர் பக்கம்: சித்தூர்க்காரருக்கு எவ்வளவு உதவும்?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கஞ்சிக்கோடு பக்கம் ஆலைக்கு அருகே கிணறு வைத்திருப்பவர் முதலில் கேட்பது, "இந்த ஆலை நாளுக்கு எவ்வளவு தண்ணி எடுக்குது?" என்பதுதான். தேசியப் பங்குச் சந்தையின் தளத்தில் இருக்கும் பிஆர்எஸ்ஆர் எனும் நிலைத்தன்மை அறிக்கைத் தொகுப்பில் இதற்குப் பாதி பதில் கிடைக்கிறது. அதுவும் காசில்லாமல். அந்தப் பாதியே பெரிய விஷயம்.

நிறுவனத் தாக்கல்கள் பகுதியில் பெயரைத் தட்டினால் பிடிஎஃப், கணினி படிக்கத் தோதான எக்ஸ்பிஆர்எல் கோப்பு இரண்டும் இறக்கலாம். படிக்க முதலாவது போதும். பல நிறுவனங்களை ஒப்பிட இரண்டாவது. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2021 மே மாதம் கொண்டுவந்த இந்த அறிக்கை, சந்தை மதிப்பில் முதல் 1000 நிறுவனங்களுக்கு 2022-23 முதல் கட்டாயம்.

முன்பக்கத்து வாழ்த்துரைகளைத் தாண்டி, நேராகச் சுற்றுச்சூழல் பற்றிய ஆறாம் கோட்பாட்டுக்குப் போங்கள். ஆறுகள், குளங்களின் நீர், நிலத்தடி நீர், வெளியாரிடம் வாங்கிய நீர் என்று பிரித்து, ஆண்டுக் கணக்கு கிலோலிட்டரில் இருக்கும். நிலத்தடி நீர் 36,500 என்றிருந்தால் நாளுக்கு 100 கிலோலிட்டர். 12,000 லிட்டர் லாரியில் எட்டு நடைக்கும் மேல்.

இங்கேதான் ஏமாறவும் வாய்ப்பு. லிட்டர் கணக்கைக் கிலோலிட்டர் கட்டத்தில் போட்டால் எண் 1000 மடங்கு வீங்கிவிடும். முந்தைய ஆண்டு எண்ணோடு ஒட்டவில்லையென்றால் முதலில் அலகைச் சந்தேகியுங்கள். கணக்கு தாய் நிறுவனத்துக்கு மட்டுமா, துணை நிறுவனங்களையும் சேர்த்தா என்று 'அ' பிரிவில் பாருங்கள். இது மாறியிருந்தால் இரண்டு ஆண்டுகளை ஒப்பிடக் கூடாது. 'ஒரு ரூபாய் விற்றுமுதலுக்கு இவ்வளவு நீர்' என்ற விகிதத்தை மட்டும் நம்பவே வேண்டாம். சரக்கின் விலை ஏறினாலே அது இறங்கிவிடும், ஒரு சொட்டு மிச்சப்படுத்தாமலே.

பெரிய குறை, எண்கள் நிறுவனம் முழுமைக்குமானவை. நீர்த்தட்டுப்பாடுள்ள இடங்களில் ஆலைவாரியாக எவ்வளவு எடுக்கிறார்கள் என்ற கேள்வி படிவத்தில் இருக்கிறது. ஆனால் அது விருப்பக் கேள்வி. விட்டுவிட்டால் விதிமீறல் ஆகாது. சித்தூர் மாதிரி மழைமறைவுப் பகுதிக்கு வேண்டியதே அந்த வரிதான். செபி அதைக் கட்டாயமாக்க வேண்டும்.

பங்குச் சந்தையில் பட்டியலிடாத நிறுவனங்கள் இதில் தனியாக வரவே வராது. சித்தூர் பக்கத்துப் பிளாச்சிமடையில் நிலத்தடி நீர்ப் பிரச்சினையில் 2004-ல் நின்ற கோக்கோ கோலா ஆலையை நடத்திய நிறுவனம் இந்தியச் சந்தையில் பட்டியலிடப்பட்டதல்ல. இன்று அப்படி ஒரு ஆலை வந்தாலும் இந்தப் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

ஆலைக்குரிய எண் வேண்டுமென்றால் படிவம் ஐந்தைத் தேடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு அனுமதி பெற்ற ஆலைகள் ஆண்டுதோறும் செப்டம்பர் 30-க்குள் மாநில வாரியத்துக்குக் கொடுக்க வேண்டிய சுற்றுச்சூழல் அறிக்கை அது. தகவல் உரிமைச் சட்டப்படி ஆலையின் பெயர், நிதியாண்டு இரண்டையும் எழுதிக் கேளுங்கள். நீர் நாளுக்கு இத்தனை கன மீட்டர் என்றிருக்கும். ஒரு கன மீட்டர் ஒரு கிலோலிட்டர்தான். 365-ஆல் பெருக்கி, பிஆர்எஸ்ஆர் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஓர் ஆலையின் கணக்கே நிறுவனத்தின் மொத்தத்தைத் தாண்டினால், பங்குதாரர் பொதுக்குழுவில் கேட்க வேண்டிய கேள்வி அது.