தேக்குக் கட்டில் என்று நம்பிக் கொடுத்த 42,000 ரூபாய்

“எங்கள் கடையில்தான் வாங்கினீர்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி?” நேற்று மாலை என் முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். மூன்று மாதத்துக்கு முன்பு இதே வாய்தான் “அம்மா, காபி சாப்பிடுங்கள்” என்றது.

மகளின் சீர்வரிசைக்காகத் திருச்சியில் ஒரு மரச்சாமான் கடையில் கட்டில் வாங்கினேன். கடைக்காரர் தலைமாட்டுப் பலகையைத் தட்டிக் காட்டினார். “அசல் தேக்கு அம்மா. உங்கள் பேரப்பிள்ளையின் பிள்ளையும் இதில் படுக்கும்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் விழுந்துவிட்டேன். பிறகு குரலைத் தணித்து, “பில் போட்டால் 18 சதவீத வரி சேரும். ரொக்கமாகக் கொடுத்தால் 42,000 ரூபாயோடு முடித்துக்கொள்ளலாம்” என்றார். ஏழாயிரத்துச் சொச்சம் மிச்சம் என்று நானும் தலையாட்டினேன். ஒரு எஸ்டிமேட் சீட்டில் தொகையை மட்டும் கிறுக்கிக் கொடுத்தார். கடையின் பெயர்கூட அதில் இல்லை.

சென்ற மாதம் சம்பந்தியம்மாள் தொலைபேசியில் அழைத்தார். குறை சொல்லவில்லை, கட்டிலுக்கு அடியில் தினமும் மாவு கொட்டுகிறது, என்னவென்று பாருங்கள் என்றார், அவ்வளவுதான். அந்தத் தன்மையான குரலைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எங்கள் தச்சரை அழைத்துப் போனேன். அடிப்பக்கம் உளியால் சுரண்டிப் பார்த்தவர், “அக்கா, தலைமாடு மட்டும்தான் தேக்கு. மற்றதெல்லாம் ரப்பர் மரம், சாயம் ஏற்றியிருக்கிறார்கள். உளுத்துவிட்டது” என்றார்.

அன்றிலிருந்து அலைகிறேன். முதலில் “முதலாளி வெளியூர்” என்றார்கள். அடுத்த முறை “ஆளை அனுப்புகிறோம்”. எந்த ஆளும் வரவில்லை. மூன்றாவது முறை, உங்கள் வீட்டு ஈரத்தால் வந்தது என்றார்கள். கட்டில் இருப்பது சம்பந்தி வீட்டு மாடியில்! நேற்றுதான் அந்த அத்தாட்சிக் கேள்வி. 42,000 ரூபாய், ஐயா. ஒன்றரை வருடம் சீட்டுக் கட்டி எடுத்த பணம்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசினேன். பில் தராததே 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம் என்றார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலே வாதாடலாம் என்றும் சொன்னார்கள். ஆனால் என் கையில் இருப்பதோ பெயரில்லாத ஒரு சீட்டும், கட்டிலை ஏற்றி அனுப்பிய அன்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் போட்ட “தேக்குக் கட்டில் கிளம்பிவிட்டது அம்மா” என்ற செய்தியும்தான். இவற்றை மட்டும் வைத்து ஆணையத்துக்குப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தச்சர் சொன்னது செல்லுமா, மரத்தைச் சோதனைக்கு அனுப்பச் சொல்வார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மரம் வாங்குவோருக்கு விவரமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆத்திரத்தில் ஒன்றும் ஓடவில்லை. பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். பில்லில் ‘கட்டில்’ என்று மட்டும் போட்டால் விடாதீர்கள், என்ன மரம் என்று எழுதச் சொல்லுங்கள். தச்சர் ஒருவரைக் கூட்டிப்போய், கட்டிலைக் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள். நாளை சம்பந்தி வீட்டுக்கு வேறு கட்டில் அனுப்பியாக வேண்டும். இரும்புக் கட்டில் பார்க்கிறேன்.