சீனியர் வேலை என்று அழைத்துவிட்டு ஒரு படி கீழே இறக்கினார்கள்

பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்று சீனியர் டெவலப்பர் வேலைக்கென்று என்னை அழைத்து, எல்லா நேர்காணல் சுற்றுகளையும் முடிக்க வைத்த பிறகு, அதற்கு ஒரு லெவல் கீழான வேலையைத்தான் தர முடியும் என்றது. இதே நேர்காணலுக்குத் தயாராகிக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

நிறுவனத்துக்கு ஆள் எடுக்கும் ரெக்ரூட்டர் அனுப்பிய வேலை விவரத்தில் 'சீனியர்' என்றே இருந்தது. எந்த லெவல் என்று கேட்டபோது, "அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் சுற்றுகளை நன்றாகச் செய்யுங்கள்" என்றார். பெரிய நிறுவனங்களில் பதவிப் பெயரைவிட லெவலுக்குத்தான் மதிப்பு. கூகுளில் எல்5, மெட்டாவில் இ5, அமேசானில் எல்6 என்று சீனியர் நிலைக்கு ஒவ்வோர் இடத்திலும் ஓர் எண் உண்டு. அடிப்படைச் சம்பளம், போனஸ், பங்குகள் மூன்றும் அதைப் பொறுத்தே அமைகின்றன. ஒரு லெவல் குறைந்தால், இழந்ததைப் பதவி உயர்வின் மூலம் மீட்கப் பல ஆண்டுகள் ஆகலாம்.

கோடிங் சுற்றுகளைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. லெவலைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு வகிப்பது, ஒரு பெரிய மென்பொருள் அமைப்பை வடிவமைத்து விளக்கச் சொல்லும் சிஸ்டம் டிசைன் சுற்று. அதுதான் என்னை மிகவும் வருத்தியது. நேர்காணல் செய்பவர் தாமதமாக வந்தார், கேமராவை அணைத்தே வைத்திருந்தார். கோடிக்கணக்கான பயனர்களுக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்பும் அமைப்பை வடிவமைக்கச் சொன்னார். நொடிக்கு எத்தனை செய்திகள், ஒரே செய்தி இருமுறை போனால் பரவாயில்லையா, தாமதம் எவ்வளவு வரை ஏற்கத்தக்கது என்று நான் கேட்ட ஒவ்வொன்றுக்கும் "நீங்களே ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்" என்பதே பதிலாக இருந்தது. அனுப்பக் காத்திருக்கும் செய்திகளின் வரிசையைப் பிரிக்கும் முறை, தோல்வியடைந்த செய்திகளை மீண்டும் அனுப்பும் முறை, இரட்டிப்பைத் தடுக்க ஒவ்வொரு செய்திக்கும் தனி அடையாளம் தருவது என நான் விளக்கிக்கொண்டு போனபோது மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் மட்டுமே கேட்டது. ஒரு முடிவைக்கூட அவர் எதிர்த்துக் கேட்கவில்லை. சீனியர் டெவலப்பரின் தகுதி அந்த வாதத்தில்தான் வெளிப்படும். அதற்கு இடமே தராமல் ஒருவரை எப்படி எடைபோட முடியும்?

முடிவைச் சொன்ன ரெக்ரூட்டர், டிசைன் சுற்றில் சீனியர் நிலைக்குப் போதிய சான்று கிடைக்கவில்லை என்றார். இன்னொரு டிசைன் சுற்று கேட்டேன், மறுத்தார். மதிப்பீட்டை எழுத்தில் கேட்டேன், நிறுவன விதி இடம் தராது என்றார். சீனியர் லெவலுக்கு உண்மையில் காலியிடம் இருக்கிறதா என்று நேராகக் கேட்ட பிறகுதான், அது என் இறுதிச் சுற்றுகளுக்கு முன்பே நிரம்பிவிட்டது என்பதை ஒப்புக்கொண்டார். இடம் இல்லை என்று தெரிந்தும் என்னை உட்கார வைத்து, பிறகு குறையை என் தலையில் கட்டியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அதோடும் நிற்கவில்லை. கீழ் லெவலுக்கான ஆஃபர் லெட்டர் வந்துகொண்டிருக்கிறது, இப்போதே ராஜினாமா கொடுத்தால் நோட்டீஸ் பீரியட் சீக்கிரம் முடியும் என்று வற்புறுத்தினார். நான் இசையவில்லை. 2022 ஜூனில் காயின்பேஸ் என்ற கிரிப்டோ நாணய வர்த்தக நிறுவனம், விண்ணப்பதாரர்கள் ஏற்றுக்கொண்ட ஆஃபர்களையே திரும்பப் பெற்றது. கையெழுத்திட்ட கடிதத்துக்கே அந்த நிலை என்றால், வாய்வார்த்தையை நம்பி இருக்கும் வேலையை விடுவது பெரும் ஆபத்து. கீழ் லெவலையும் மறுத்துவிட்டேன்.

முதல் சுற்றுக்கு நாள் குறிக்கும் முன் ரெக்ரூட்டருக்கு மின்னஞ்சலில் இவற்றைக் கேளுங்கள்: எந்த லெவலுக்கு என்னை மதிப்பிடுகிறீர்கள், அதற்கு ஒப்புதல் பெற்ற காலியிடம் இன்று இருக்கிறதா, நடுவில் அது நிரம்பினால் அடுத்த சுற்றுக்கு முன் எனக்குத் தெரிவிப்பீர்களா? தொலைபேசியில் பதில் சொன்னால், அவர் சொன்னதை நீங்களே எழுதி அனுப்பி, சரிதானா என்று உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் அந்தச் சுற்றுகளுக்காக விடுப்பு எடுக்காதீர்கள்.